உங்க வாய்ஸ் நோட் உங்களுக்கே ஏன் பிடிக்கலை? காதுக்குள்ள நடக்கிற கதை!

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் நோட்டை நீங்களே போட்டுக் கேட்டதுண்டா? 'ச்சே, என் குரலா இது?' என்று உடனே நிறுத்தியிருப்பீர்கள். போன் மேல தப்பில்லை. நீங்கள் பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு, கனமான ஒலிகளை நன்றாகவே கடத்தும். அதனால் நம் குரல் நமக்கு எப்போதும் கொஞ்சம் கம்பீரமாகக் கேட்கும். ரெக்கார்டிங்கில் அந்த எலும்பு வழி கிடையாது. ஊர் கேட்கிற குரல் அதுதான். மனசைத் தேத்திக்கோங்க!

சரி, காற்று வழி வருகிற ஒலி என்ன ஆகிறது? காது மடல் அதைச் சேர்த்து, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் அனுப்புகிறது. குழாயின் முடிவில் செவிப்பறை. பேருக்கேற்ற மாதிரி பறையின் தோல்போல அதிரும். அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடிதான் நம் உடம்பிலேயே சின்ன எலும்பு; மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான்.

இந்த மூன்றும் எதற்கு? உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிவிடும். (கிணற்றில் முங்கினதும் கரையில் பேசுறது சரியா கேட்காதே, அதேதான்.) அதனால் அகலமான செவிப்பறையில் விழும் அதிர்வை ஒரு சின்ன ஜன்னலில் குவித்துத் தள்ளுகின்றன இந்த எலும்புகள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காக்லியா. நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்று. உள்ளே ஒரு மெல்லிய சவ்வின் மேல் சுமார் 15,000 முடி செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பேர்தான் முடி, தலைமுடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. திரவம் அலையடித்தால் இவற்றின் நுண்ணிழைகள் சாயும். அந்தச் சாய்வுதான் மின்சமிக்ஞையாகி மூளைக்குப் போகிறது. குக்கர் விசில் மாதிரி கீச்சு ஒலிகள் சுருளின் வாசல் பக்கத்தை அதிகம் ஆட்டும். பேஸ் ஒலிகள் உள்கோடி வரை போகும். இந்த அலையைக் கண்டறிந்த ஜார்ஜ் வான் பெக்கெசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறும். இல்லையென்றால் ஆபரேஷன் இருக்கிறது. அங்கவடி இறுகிப்போனால் செயற்கை பிஸ்டன் வைக்கிறார்கள். முடி செல் மட்டும் செத்தால் செத்ததுதான், மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்குது பாஸ்! நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

இயர்போன் கணக்கு இங்கேதான் வருகிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிடம், அதுவும் ஒரு வாரத்துக்கு! பஸ் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றும்போதுதான் இந்தக் கோட்டாவை வேகமாகக் காலி செய்கிறோம். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் இருந்தால், வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே குறையும்.

பாதிப்பு வழக்கமாகக் கீச்சு ஒலிகளில்தான் தொடங்கும். ச, ஸ போன்ற எழுத்துகள் மழுங்கும். 'சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை' என்பீர்கள். கச்சேரி, பட்டாசு முடிந்து காதில் 'ஙொய்ங்' என்று கேட்டால், முடி செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். ரெண்டு நாள் இயர்போனைத் தொடாதீங்க. ஆனால், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்குதான் என்று பட்ஸை எடுக்காமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம்.