சபையை மீறியா, சபையின் வழியாகவா? கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் ஒருவர் மற்றவரின் மீட்பைப் பற்றிச் சொன்ன தீர்ப்புகள்

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் ஒருவர் மற்றவரின் மீட்பைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்டால் வழக்கமாக ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. மனிதர் விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறார் என்றார் லூத்தர். விசுவாசத்தோடு அன்பும் நற்செயலும் சேர வேண்டும் என்றது ரோமை. அந்தப் பிளவு 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தான கூட்டறிக்கையோடு பெருமளவு மூடிவிட்டது. இக்கதையில் பொய் அதிகமில்லை. ஆனால் நீதிமானாக்குதலில் உடன்பாடு வந்த பிறகும் இரு தரப்பும் ஏன் ஒரே நற்கருணைப் பந்தியில் சேரவில்லை என்பதற்கு அதில் விடை கிடையாது. 'அவர்கள் மீட்படைவார்களா?' என்ற கேள்விக்கு இரு தரப்பும் விடை சொன்னபோது, நீதிமானாக்குதல் பற்றிய போதனை அந்த விடையைத் தீர்மானித்தது அரிது, 'அது திருச்சபையா?' என்ற வேறொரு கேள்விதான் எப்போதும் அடியில் ஓடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1547-ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜனவரி 13 அன்று திரிதெந்து பொதுச்சங்கம் நீதிமானாக்குதல் பற்றி 33 சாபவிதிகளை வெளியிட்டது. லூத்தரியரின் மையப் போதனை அவற்றில் நேராகவே கண்டிக்கப்பட்டது. ஏழு வாரம் கழித்து, மார்ச் 3 அன்று, அதே சங்கம் இன்னொன்றையும் அறிவித்தது: மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு தப்பறைக்காரர் கொடுக்கும் திருமுழுக்கும் உண்மையான திருமுழுக்கே. அதை மறுப்பவருக்கும் சாபம். ஆக, சபிக்கப்பட்ட போதகரின் கையால் தண்ணீர் ஊற்றப்பட்ட குழந்தை கிறிஸ்துவின் குழந்தைதான். எதிர்த்தரப்பிலும் இதே இரட்டை நிலை. 1537-இல் ஸ்மால்கால்ட் பிரகரணங்களில் போப்பை அந்திக்கிறிஸ்து என்று எழுதிய லூத்தர், அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, மறுஞானஸ்நானக்காரரை எதிர்த்து எழுதும்போது, போப்பின் ஆளுகையில் உண்மையான வேதமும் உண்மையான ஞானஸ்நானமும் இருந்தன என்று ஒப்புக்கொண்டிருந்தார். கால்வினும் ரோமையில் திருச்சபையின் சுவடுகள் அழியாமல் இருப்பதாகவே எழுதினார். சாபத்தின் சத்தத்தை மட்டும் கேட்பவருக்கு இவை கண்ணில் படுவதில்லை.

இந்த இரட்டை நிலையை நேர்மையாகச் சிந்தித்தவர்களில் முதலிடம் ரிச்சர்டு ஹூக்கருக்கு. லண்டனில் வழக்கறிஞர்கள் கூடும் டெம்பிள் ஆலயத்தில் அவர் தலைமைக் குரு. காலையில் ஹூக்கர் பிரசங்கிப்பார். பிற்பகலில் வால்டர் டிராவர்ஸ் என்ற பியூரிட்டன் அதே மேடையில் ஏறி அவரை மறுப்பார். 1586-இல் ஹூக்கர் நீதிமானாக்குதல் பற்றிப் பிரசங்கித்தார். ரோமையின் போதனை தவறு என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதைப் பிரித்துப்பிரித்துக் கண்டிக்கிறார். ஆனால், சீர்திருத்தத்துக்கு முன் அந்தப் போதனைக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே செத்துப்போன நம் முன்னோர் அத்தனை பேரும் கெட்டார்களா என்று கேட்கிறார். அறியாமையில் தவறியவர்களுக்குக் கடவுள் இரங்கினார் என்று நம்ப நமக்கு இடமுண்டு என்பது அவர் விடை. அஸ்திவாரத்தை நேராக இடிப்பது வேறு, மேலே கட்டியதன் விளைவாக அஸ்திவாரம் பழுதாவது வேறு என்று பகுத்துக்காட்டுகிறார். ரோமை செய்தது இரண்டாவது. ஆகவே கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டு மனம் வருந்துகிற ஒரு போப்புக்கோ கர்தினாலுக்கோகூடக் கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல அவர் துணியவில்லை.

டிராவர்ஸ் கொதித்தெழுந்து அரசவைக்கே மனு எழுதினார். அவர் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்றால், 'விசுவாசத்தால் மட்டுமே' என்பதை மறுப்பவர் எப்படி மீட்படைவார்? ஹூக்கரின் பகுப்புக்குள் இதற்கான மறுமொழி இருக்கிறது: மீட்பது கிறிஸ்து, அவரைப் பற்றிய சரியான கோட்பாடு அல்ல. விசுவாசத்தால் நீதி என்ற போதனையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் மீட்பு என்று வைத்துவிட்டால் அந்தச் சொல்லத்தெரிதலே ஒரு நற்செயலாகிவிடும். புராட்டஸ்டண்டு இறையியல் தன் கொள்கைக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த இடங்கள் அதிகமில்லை என்பது என் கணிப்பு.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே சலுகை இங்கிலாந்தில் ஓர் ஆயுதமாக மாறியது. எட்வர்டு நாட் என்ற புனைபெயரில் எழுதிய இயேசு சபையார் 1630-இல் ஒரு நூல் வெளியிட்டார். புராட்டஸ்டண்டாகவே இருந்து, மனந்திரும்பாமல் இறப்பவருக்கு மீட்பு இல்லை என்று கத்தோலிக்கர் சொல்வது அன்பின்மை அல்ல, எச்சரிக்கை என்பது அதன் சாரம். கிறிஸ்டபர் பாட்டர் 1633-இல் பதிலெழுத, நாட் 1634-இல் மறுபதில் எழுத, வில்லியம் சில்லிங்வொர்த் 1638-இல் ஆக்ஸ்போர்டில் தம் பெருநூலோடு களமிறங்கினார். சில்லிங்வொர்த் இரு கரையும் கண்டவர். ஓர் இயேசு சபையாரிடம் வாதத்தில் தோற்றுக் கத்தோலிக்கராகி, டூவே கல்லூரிவரை போய், மனம் மாறித் திரும்பியவர்.

அன்று கத்தோலிக்கத் தரப்பு மிகவும் நம்பியிருந்த வாதம் இதுதான்: கத்தோலிக்க சபையில் மீட்பு கிடைக்கலாம் என்று நாங்களும் சொல்கிறோம், நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். உங்கள் சபையில் கிடைக்கும் என்று நீங்கள் மட்டுமே சொல்கிறீர்கள். அப்படியானால் புத்தியுள்ளவன் எந்தப் பக்கம் நிற்பான்? பிரான்சின் நான்காம் ஹென்றி 1593-இல் கத்தோலிக்கத்துக்குத் திரும்பியதற்கு இந்தக் கணக்கே காரணம் என்று ஒரு கதை வெகுநாள் உலவியது. கதை மெய்யோ பொய்யோ, வாதம் கவர்ச்சியானது. ஹூக்கரின் பரிவையே அவர் சபைக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

சில்லிங்வொர்த் இதற்கு எடுத்துவைத்த பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 400-ஐ ஒட்டி அகுஸ்தீன், அங்கே திருச்சபையிலிருந்து பிரிந்துபோன டோனாட்டியரோடு வாதிட்டபோது டோனாட்டியர் சொன்னதும் இதே கணக்குத்தான். எங்கள் திருமுழுக்கு செல்லும் என்று நீங்களே ஒப்புகிறீர்கள், உங்களுடையது செல்லும் என்று நாங்கள் ஒப்பவில்லை. ஆகவே எங்களிடம் வருவதே பத்திரம். இந்தக் கணக்கு சரியென்றால் அன்றைக்கு அகுஸ்தீன் தோற்றிருக்க வேண்டும், டோனாட்டியரே திருச்சபை ஆகியிருக்க வேண்டும். கத்தோலிக்கர் தங்கள் பெருந்தந்தைக்கு எதிராகவே வாள் வீசுகிறார்கள் என்று சில்லிங்வொர்த் காட்டிவிட்டார். நானூறு பக்கத்துக்கு மேல் ஓடும் அந்த நூலில் இதைவிடக் கூர்மையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்த நான்கு நூல்களின் வாதத்திலும் நீதிமானாக்குதல் பெரிதாகத் தலைகாட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சபை எது, அதன் எல்லைக் கல் எங்கே, தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதைச் சுற்றியே எல்லாம் சுழல்கிறது.

புராட்டஸ்டண்டாரே டோனாட்டியராக மாறிய வேளையும் உண்டு. 1845-இல் சின்சினாட்டியில் கூடிய அமெரிக்க பிரெஸ்பிட்டேரியரின் பழைய மரபுப் பிரிவு, கத்தோலிக்க ஞானஸ்நானம் செல்லாது என்று மிகப் பெரும்பான்மையோடு தீர்மானித்தது. அதன் பின்னிருந்த ஜேம்ஸ் தார்ன்வெல் தண்ணீரையே சோதனைக்கு உட்படுத்தினார். ரோமைக் குருக்கள் திருமுழுக்குத் தண்ணீரில் எண்ணெய் கலக்கிறார்கள். அது வேதம் சொன்ன தண்ணீர் அல்ல. கொடுப்பவர் முறையான ஊழியர் அல்ல. கொடுக்கிற சபை திருச்சபை அல்ல. பிரின்ஸ்டனில் சார்லஸ் ஹாட்ஜ் இதைப் படித்து அதிர்ந்தார். அவர் ரோமையின் நண்பர் அல்லர். போப்பு ஆட்சியைக் கண்டிப்பதில் யாருக்கும் பின்தங்கியவரும் அல்லர். ஆனால் போப்பு ஆட்சி வேறு, அதன்கீழ் கிறிஸ்துவை அறிக்கையிடும் மக்கள் வேறு என்றார். இந்தத் தீர்மானத்தின்படி லூத்தரும் கால்வினும் ஞானஸ்நானம் பெறாமலே செத்தவர்கள் ஆகிறார்கள் என்பதையும் சுட்டினார். தார்ன்வெல், ஹாட்ஜ் இருவரும் ஒரே விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள், நீதிமானாக்குதலில் ஒரே சொல் சொல்பவர்கள். ஆனாலும் கத்தோலிக்கரைப் பற்றிய அவர்கள் தீர்ப்பு நேரெதிராக அமைந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் நீண்ட காலம் தாங்குகோலாக இருந்தது 'வெல்ல இயலா அறியாமை' என்ற கருத்து. போப் ஒன்பதாம் பத்திநாதர் 1854-இலும் 1863-இலும் அதை வெளிப்படையாகச் சொன்னார்: தன் குற்றமின்றி உண்மைத் திருச்சபையை அறியாதவரைக் கடவுள் அந்த அறியாமைக்காகத் தண்டிப்பதில்லை. பாஸ்டனில் லியோனார்டு ஃபீனி என்ற இயேசு சபையார் இதை ஏற்க மறுத்து, திருச்சபைக்கு வெளியே மீட்பே இல்லை என்பதை எழுத்துக்கு எழுத்தாகப் போதித்தார். 1949 ஆகஸ்டில் ரோமையின் திருப்பணியகம் பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் எழுதி அவர் விளக்கத்தை நிராகரித்தது. 1953-இல் ஃபீனி சபை விலக்குப் பெற்றார். வெளியே மீட்பு இல்லை என்று கத்திய மனிதர் கீழ்ப்படியாமைக்காக வெளியே தள்ளப்பட்டதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது.

ஹூக்கரின் பரிவும் பத்திநாதரின் அறியாமைக் கோட்பாடும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதை ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. இரண்டும் எதிர்த்தரப்பு மனிதரை அவருடைய சபையிலிருந்து பிரித்தெடுத்துக் காப்பாற்றுகின்றன. அவர் மீட்படையலாம், ஆனால் தம் சபையால் அல்ல, அதை மீறி.

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆணையில் இந்த அச்சு உடைந்தது. பிரிந்த சமூகங்களைக் கிறிஸ்துவின் ஆவி மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்த மறுக்கவில்லை என்கிறது அதன் மூன்றாம் பத்தி. அதாவது லூத்தரியர் ஒருவர் லூத்தரிய சபையின் வழியாகவே அருள் பெறுகிறார். காகிதத்தில் இருந்தது பங்குகளுக்கு வரத் தாமதமாயிற்று. எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1965 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனின் மகள் லூசி, வாஷிங்டன் புனித மத்தேயு பேராலயத்தில் கத்தோலிக்கரானார். குழந்தையிலேயே எபிஸ்கோப்பல் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். ஆனாலும் குரு அவர் தலையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார், 'நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு. கலிபோர்னியாவின் எபிஸ்கோப்பல் ஆயர் ஜேம்ஸ் பைக் கொந்தளித்தார். நியாயமான கோபம். பெயரளவில் நிபந்தனைதான், நடைமுறையில் அந்த 'இருந்தால்' என்பது 'உங்கள் சபையை நம்பமாட்டோம்' என்பதாகவே கேட்டது. தக்க சந்தேகம் இருந்தாலொழிய அப்படிச் செய்யக் கூடாது என்று ரோமை 1967-இல் வழிகாட்டியில் எழுதிவைத்தது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் புராட்டஸ்டண்டு இறையியல் பேராசிரியர்கள் முந்திய ஆண்டே எதிர்ப்புத் தெரிவித்திருந்தும், கர்தினால் கேசிடியும் உலக லூத்தரன் கூட்டமைப்பின் தலைவர் கிறிஸ்டியான் கிராவுசேயும் கையெழுத்திட்டார்கள். அடிப்படை உண்மைகளில் இருவரும் ஒன்று. திரிதெந்தின் சாபங்கள் கூட்டறிக்கை விவரிக்கும் லூத்தரியப் போதனையைத் தொடா. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 'தோமினுஸ் யேசுஸ்' என்ற ரோமை அறிக்கை, செல்லத்தக்க ஆயர் நிலையும் முழுமையான நற்கருணை மறைபொருளும் இல்லாத சமூகங்கள் முறையான பொருளில் திருச்சபைகள் அல்ல என்றது. பலர் இதை முரண்பாடு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீட்பு பற்றிய கேள்விக்கு விடை வந்தது, சபை பற்றிய கேள்வி இருந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இது ஐரோப்பியப் பேராசிரியர்களின் சண்டை மட்டும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆர்.சி. பெண் சி.எஸ்.ஐ. பையனை மணக்க வேண்டுமானால் ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நடந்தால் அது ஒழுங்குமீறல். அதே பெண் இரட்சணிய சேனையில் பிறந்து வளர்ந்த பையனை மணக்க அனுமதி போதாது. விலக்கு பெறாவிட்டால் மணமே செல்லாது. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே திருச்சபைச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பையனும் ஓர் இந்துப் பையனும் ஒரே பத்தியில் வருகிறார்கள். அவர் எவ்வளவு உருக்கமாக இயேசுவை நம்புகிறார் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

கலப்பு மணம் முடிந்த பிறகு வருவது பந்தி. 2018 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர்கள், கத்தோலிக்கரை மணந்த புராட்டஸ்டண்டார் சில சூழல்களில் நற்கருணை பெறலாம் என்று தீர்மானித்தார்கள். அவர்களில் எழுவர் ஐயம் தெரிவித்து ரோமைக்கு எழுதினார்கள். மே 25 அன்று அந்தத் தீர்மானத்தின் ஏடு வெளியிடும் அளவுக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று ரோமை பதில் அனுப்பியது. வாதம் முழுதும் திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் விதியைச் சுற்றியே நடந்தது. சாகும் ஆபத்தோ வேறு கடும் தேவையோ உள்ள புராட்டஸ்டண்டு ஒருவர், தம் சபையின் ஊழியரை அணுக முடியாத நிலையில், தாமாகவே கேட்டால் கொடுக்கலாம். ஆனால் தக்க மனநிலையோடு, அந்த அருட்சாதனம் பற்றிக் கத்தோலிக்க விசுவாசத்தை அவர் வெளிக்காட்ட வேண்டும் என்கிறது அது. விசுவாசத்தால் மட்டுமே நீதி என்று அவர் நம்புகிறாரா என்பதை விதி கேட்கவில்லை.