ஒண்முகிலும் கார்முகிலும்

'நெபுலா' லத்தீன் சொல். மூடுபனி, மேகம் என்பது அதன் பொருள். கிரேக்க 'நெஃபெலே'யும் ஜெர்மானிய 'நேபெல்'லும் சமஸ்கிருத 'நபஸ்'ஸும் இதன் உறவுச் சொற்கள். அந்த நபஸ்தான் தமிழ் அகராதிகளில் 'நபம்' என்று வானத்தைக் குறிக்கிறது.

தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரியாமல் கலங்கித் தெரிந்ததையெல்லாம் ஒருகாலத்தில் நெபுலா என்றார்கள். வானியலாளர் மெஸ்ஸியேயின் 1781ஆம் ஆண்டுப் பட்டியலில் ஓரியன் முகிலும் ஆந்திரமெடாவும் சேர்ந்தே இடம்பெற்றன. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலையைப் பிரித்துப் பார்த்து, சில நெபுலாக்கள் வெறும் வாயுவே என்று காட்டினார். 1920களில் ஆந்திரமெடா வேறொரு விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹபிள் நிறுவினார். அதன்பின் வாயுவும் தூசும் கலந்த முகிலுக்கு மட்டுமே அந்தப் பெயர் நிலைத்தது.

தமிழில் அதை ஒண்முகில் என்றும் விண்முகில் என்றும் எழுதுகிறோம். ஒண்மை என்றால் ஒளி. ஓரியன் முகிலுக்கு அது அழகாகப் பொருந்தும். குதிரைத்தலை என்ற முகிலுக்குப் பொருந்துமா? 1888இல் எடுத்த ஹார்வர்டு ஒளிப்படத் தட்டில் வில்லியமினா ஃபிளெமிங் கண்டறிந்த அது, ஒளியை மறைக்கும் தூசு. சிறிய தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி வழியே நெடுநேரம் எடுத்த படங்களை அடுக்கிப் பாருங்கள். பின்னணிச் செம்மை வெட்டுப்பட்ட இடமே குதிரையின் தலை. தலைக்கு மேலே விண்மீன்கள் நிறைந்திருக்கும்; கழுத்துக்குக் கீழே தூசு அடர்ந்த பக்கத்தில் அவை சட்டென்று குறைந்துவிடும்.

இத்தகைய கரும்பகுதிகள் வானத்தின் வெற்றிடங்களா, மறைக்கும் பொருள்களா என்று வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் நெடுங்காலம் தயங்கினார். 1913 கோடையில் ஓர் இரவு பால்வீதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தனு ராசிப் பக்கம் நம் பூமியின் சிறு மேகங்கள் சில விண்மீன் திரளுக்கு முன்னே கன்னங்கரேலென்று நிற்கக் கண்டார். படத்தில் தாம் பார்த்துவந்த கரும்பகுதிகளும் அப்படியே இருந்தன. 1919இல் அவர் வெளியிட்ட கரும்பகுதிப் பட்டியலில் குதிரைத்தலையின் எண் 33.

அவருக்கு வழிகாட்டிய காட்சிக்குத் தமிழில் பெயர் தயாராக இருக்கிறது: கார்முகில். 'கார்' என்றால் கருமை, மழைக்காலம், மேகம் என மூன்று பொருளும் உண்டு. மழைமேகத்தோடு குழம்புமே என்றால், 'விண்ணின் கார்முகில்' எனலாம். பொதுப்பெயர் விண்முகில், ஒளிர்வது ஒண்முகில், மறைப்பது கார்முகில். இந்த மூன்றையும் பிரித்து வழங்கினால், படத்தின் அடியில் எழுதும் பெயரே அது எத்தகைய முகில் என்று சொல்லிவிடும்.