உழைக்கும் உடலில் இரத்த அழுத்தம்: ஒரு புதிர் அவிழ்ந்த வரலாறு

ஓடத் தொடங்கினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் இரத்தக் குழாய்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அது இறங்கியிருக்க வேண்டும். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, குழாய்கள் அதற்கு எவ்வளவு தடை கொடுக்கின்றன என்ற இரண்டின் பெருக்கம்தான் அழுத்தம். உழைக்கும் தசைகளில் சிறு தமனிகள் விரிந்துகொடுப்பதால், கடும் ஓட்டத்தின்போது மொத்தத் தடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதயம் ஓய்வு நேரத்து 5 லிட்டரிலேயே நின்றிருந்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் ஓடுபவர் மயங்கி விழுவார். அப்படி விழுவதில்லை. பயிற்சி இல்லாத இளைஞரின் இதயமே 20 லிட்டர் வரை தள்ளுகிறது; தேர்ந்த நெடுந்தூர வீரர்களிடம் இது 35 லிட்டரையும் தாண்டும். மேல் அழுத்தம் 120இலிருந்து 180, 200 என்று ஏற, கீழ் அழுத்தம் இருந்த இடத்திலேயே நிற்கிறது அல்லது சற்றே தாழ்கிறது. தடை குறைவதை முந்திக்கொண்டு வெளியீட்டைக் கூட்டும்படி இதயத்துக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கே அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது.

முதல் அளவீடு கருணையற்றது. இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையைக் கீழே கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கியது. 1733இல் அவர் வெளியிட்ட இந்த அளவைப் பாதரசத்துக்கு மாற்றினால் 195 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. வலியிலும் அச்சத்திலும் கிடந்த விலங்கின் அழுத்தம் அது. உலகம் முதன்முதலில் அளந்தது அமைதியான உடலின் அழுத்தத்தை அல்ல என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மனித உடலைக் கீறாமல் அளக்கும் வழி பிறந்தது இத்தாலியில். 1896இல் ரிவா-ரோச்சி, கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையைப் பாதரசமானியோடு இணைத்தார். மணிக்கட்டில் நாடி மறையும் புள்ளியை வைத்து மேல் அழுத்தம் மட்டுமே அதில் தெரிந்தது. 1905இல் ரஷ்ய இராணுவ மருத்துவர் கொரொட்கோவ், முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ஒலி தோன்றுவதும் மறைவதும் மேல், கீழ் அழுத்தங்களைக் காட்டும் என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பில் சொல்லி முடித்தார். இன்றும் பல மருத்துவமனைகளில் பி.பி. பார்ப்பது இந்த முறையில்தான். ஆனால் உழைக்கும் உடலுக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆடும் கையில் ஒலி சரியாகக் கேட்காது. கடும் உழைப்பில் சிலருக்குப் பாதரசம் சுழியைத் தொட்ட பிறகும் ஒலி நிற்பதில்லை.

இதய வெளியீட்டை அளக்கும் வழியை 1870இலேயே அடால்ஃப் ஃபிக் சொல்லியிருந்தார்: உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை, தமனி இரத்தத்துக்கும் சிரை இரத்தத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டால் வகுத்தால் போதும். அந்நூற்றாண்டின் இறுதியில் சுன்ட்ஸ், ஹாகெமான் இருவரும் இதைக் குதிரைகளில் செய்துகாட்டினர்.

உத்தரவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை 1913இல் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. க்ரோக், லிண்ட்ஹார்ட் இருவரும், மிதிவண்டி போன்ற கருவியை மிதிக்கத் தொடங்கிய கணத்திலேயே நாடி எகிறுவதைப் பதிவு செய்தனர். தசையில் உருவாகும் எந்தக் கழிவுப் பொருளும் இரத்தத்தில் மிதந்து இதயத்தை அடைவதற்குள் இது நடந்துவிடுகிறது. ஆகவே, தசையை இயக்க மூளை அனுப்பும் கட்டளையே இதயத்துக்கும் பரவுகிறது என்று முடிவு கட்டினர்.

இது முழு உண்மையாக இல்லை என்று காட்டியவர்கள் கெய்ரோவில் பணியாற்றிய ஆலமும் ஸ்மெர்க்கும். 1937இல் அவர்கள் செய்த சோதனையின் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. உழைக்கும் கை அல்லது காலின் மேற்பகுதியில் பட்டையை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தினர். அந்நிலையில் தசையை உழைக்கச் செய்து, பிறகு நிறுத்தச் சொன்னார்கள். உழைப்பு நின்றது, மூளையின் கட்டளையும் நின்றது. ஆனால் பட்டை இறுகியிருந்தவரை அழுத்தம் இறங்க மறுத்தது. பட்டையைத் தளர்த்தியதும் மளமளவென்று விழுந்தது. தசைக்குள் அடைபட்ட கழிவுகள் அங்குள்ள நரம்புகளைத் தூண்டி, எனக்கு இரத்தம் போதவில்லை என்று மூளைக்கு முறையிடுகின்றன என்பதே இதற்குப் பொருள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஒரு நோயாளியின் விவரம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தண்டுவடப் பாதிப்பால் ஒரு காலில் உணர்ச்சி இழந்தவர் அவர். உணர்ச்சி உள்ள காலை உழைக்க வைத்தால் அழுத்தம் ஏறியது. உணர்ச்சியற்ற காலில் அந்த ஏற்றம் காணவில்லை. இதயத் துறை வரலாற்றில் ஹேல்ஸுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்காவது இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1972இல் மக்ளாஸ்கி, மிட்செல் இருவரும் பூனைகளில் தசையின் அந்த முறையீட்டைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகளை இனங்கண்டனர். அதே ஆண்டில் குட்வினோடு சேர்ந்து, மூளையின் கட்டளையும் தனக்கென ஒரு பங்கு வகிக்கிறது என்பதை மனிதர்களில் காட்டினர். க்ரோக்கின் விடையும் ஆலமின் விடையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை: முதல் கணத்தில் மூளை முந்துகிறது, பின்னர் தசை தன் தேவையைச் சொல்லித் திருத்துகிறது.

இதற்கிடையே இன்னொரு முடிச்சும் இருந்தது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள், அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும் இயல்புடையவை. ஓட்டத்தின்போது அவை உறங்கிவிடுகின்றனவா? 1966இல் பெவகார்ட், ஷெப்பர்ட் இருவரும் கழுத்தைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி அவற்றைத் தூண்டிப் பார்த்தனர். உழைக்கும்போதும் அவை விழிப்பாகவே இருந்தன. அவை காக்கும் மட்டம்தான் மேலே நகர்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

தசை விடாமல் இறுகி நிற்கும் உழைப்பில் கதை மாறுகிறது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுபவரின் கைத்தசை, தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. தடை விழுவதில்லை, கழிவு வெளியேற வழியில்லை, முறையீடு வலுக்கிறது. மேல், கீழ் இரண்டு அழுத்தங்களும் சேர்ந்தே ஏறுகின்றன. 1985இல் மக்டூகல் குழுவினர், பளுப்பயிற்சியில் தேர்ந்தவர்களின் தமனிக்குள்ளேயே அளவுக் குழாயைச் செருகி, இரு கால்களாலும் பெரும்பளுவைத் தள்ளச் செய்தனர். சராசரி 320/250 வரை போனது; ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. மூச்சைப் பிடித்து முக்கியதும் அதில் சேர்ந்துகொண்டது. மிகை அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பளு தூக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

ஆயினும் இதே இறுக்கத்தை அளவோடு, வாரக்கணக்கில் பழகினால் ஓய்வுநிலை அழுத்தம் குறைகிறது என்று 1992இல் வைலி குழுவினர் கண்டனர். அவர்கள் தந்த பயிற்சி, முழு வலுவில் 30 விழுக்காட்டு அளவில் கைப்பிடியை இரண்டிரண்டு நிமிடம் இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. பிடிக்கும் கணத்தில் ஏற்றும் ஒன்று நாள்பட்டால் ஏன் இறக்குகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை. குழாய்ச் சுவர் நெகிழ்வதாலா, நரம்புத் தூண்டல் தணிவதாலா என்ற விவாதம் ஆலமும் ஸ்மெர்க்கும் தொட்ட அதே தசை நரம்புகளையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது.