நீத்தார் கடன்

புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே காலாப்பட்டுக்குப் போகிறவர் மாநில எல்லையை இரண்டு முறை கடக்கிறார். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. முதலியார்சாவடிகளும் பொம்மையார்பாளையமும் கழிந்தபின் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் துண்டு துண்டாகச் சேர்த்த நிலம் அப்படி அமைந்துவிட்டது. இந்தக் குறுகிய வழியில் இன்னும் பல எல்லைகள் உண்டு. கோட்டக்குப்பத்தில் பள்ளிவாசல்களும் கபுருஸ்தானும். மேற்கே செம்மண் மேட்டில், எந்த மதமும் வேண்டாம் என்று 1968இல் தொடங்கிய ஆரோவில். பொம்மையார்பாளையத்தில் மயிலம் முருகன் கோயிலோடு தொடர்புள்ள வீரசைவ மடம். காலாப்பட்டில் மீனவர் குப்பங்களும் 1985இல் தோன்றிய பல்கலைக்கழகமும். கடவுள் யார் என்று இங்குள்ளவர்களைக் கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவார்கள். செத்தவருக்கு உயிரோடிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் வேறுபாடு வெளிவரும். இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால், மதங்களைப் பிரித்து நிறுத்தியது கடவுள் கொள்கையைவிட நீத்தார் கடனே என்று தோன்றுகிறது. அந்தக் கடனை யார் யாருக்குத் தீர்ப்பது என்பதிலிருந்துதான் ஒவ்வொரு நம்பிக்கையிலும் கடவுளுக்கு ஓர் உருவம் கிடைத்திருக்கிறது.

இந்த மண்ணில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் கோயில் இல்லை, சாவு இருக்கிறது. 1940களின் இறுதியில் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் கசால், சுத்துக்கேணியிலும் முத்திரையர்பாளையத்திலும் பழைய ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். தாழிகள், சுடுமண் ஈமப்பேழைகள், அவற்றோடு வைக்கப்பட்ட பானைகள் கிடைத்தன. இவற்றைப் புதைத்தவர்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்பதற்கு அந்தக் குழிகளில் விடை இல்லை. ஆனால் போனவருக்கு ஏதோ தேவைப்படும், அதைக் கொடுப்பது நம் பொறுப்பு என்று அவர்கள் எண்ணியது பானைகளிலிருந்தே தெரிகிறது. சாவுச் சடங்கு இறையியலின் விளைவாகப் பிறந்தது என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே கைக்குக் கிடைக்கும் வரிசையோ தலைகீழாக இருக்கிறது: கடன் முன்னால் நிற்கிறது, விளக்கம் பின்னால் வந்து சேர்கிறது.

அந்தக் கடன் தெய்வத்தையே உண்டாக்கும் என்பதற்குத் தொல்லியல் தேவையில்லை. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரங்களில் கல்யாணம் நடக்கவிருக்கும் வீட்டைப் பார்த்தால் போதும். பத்திரிகை அடிக்கும் வேலையெல்லாம் ஒருபுறம் இருக்க, முதலில் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டாக வேண்டும். பூவாடைக்காரி அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன ஒரு பெண். புதுப்புடவை, மஞ்சள், பூ, வளையல் வைத்து அழைத்து, அவள் சம்மதம் கிடைத்த பிறகே பந்தக்கால் நடுவது வழக்கம். இங்கே சாவு ஒருத்தியை வீட்டைவிட்டு அனுப்பவில்லை; வீட்டிலேயே பதவி உயர்த்தி வைத்திருக்கிறது. திருவண்ணாமலையில் இந்த உறவு இன்னும் வியப்பாகத் திரும்புகிறது. பிள்ளையில்லாமல் இறந்ததாகத் தலபுராணம் சொல்லும் வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார். அதே மாசி மகத்தில்தான் மயிலம் முருகனும் சுற்றுவட்டாரத் தெய்வங்களும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். மக்கள் அதே கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்ற கவலைக்கு முன்னால் கடவுளும் விலக்கில்லை. கடவுள் இங்கே கடனைத் தள்ளுபடி செய்பவர் அல்லர். அதைச் சுமக்க முன்வருபவர்.

இதே நிலப்பரப்பில் கடனையே ஏற்காத மரபுகளும் வேரூன்றியிருக்கின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதைப் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று பதிவு செய்கிறது. உலகைப் படைத்த கடவுள் சமணத்துக்குத் தேவைப்படவில்லை. சாவும் வந்து தாக்கும் ஒன்றன்று, ஒருவர் திட்டமிட்டு முடிக்கும் வேலை. அவருக்குப் பின்னால் யாரும் பிண்டம் வைக்க வேண்டியதில்லை. வீரசைவர் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறார்கள். இலிங்கம் தரித்தவர் உயிரோடிருக்கும்போதே சிவனோடு சேர்ந்தவர். எனவே எரிப்பதில்லை, கையில் இலிங்கத்தோடு உட்கார வைத்து அடக்கம் செய்கிறார்கள். சாவுத் தீட்டும் கொள்கையளவில் கிடையாது. கருவடிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டில் சமாதியான சித்தானந்த சுவாமிகளின் கோயிலுக்கும் அடிப்படை இதுதான். 1950 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்த அரவிந்தரின் உடலும் எரிக்கப்படவில்லை; டிசம்பர் 9 வரை வைக்கப்பட்டு, ஆசிரம முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. இந்து என்ற ஒரே பெயருக்குள், எரித்துப் பிண்டம் வைப்பவருக்கும் உட்கார வைத்துப் புதைப்பவருக்கும் இடையே உள்ள தூரம், மதம் விட்டு மதம் உள்ள தூரத்துக்குக் குறைந்ததல்ல.

கோட்டக்குப்பத்து முஸ்லிமிடம் கடன் வேறு தோளுக்கு மாறுகிறது. இறைவன் பிறக்கவும் இல்லை, இறக்கவும் மாட்டான். ஆகவே இறந்தவர் தெய்வமாகவோ தெய்வம் மகனாகவோ இடமில்லை. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸாத் தொழுகை நடத்தி, முகத்தைக் கிப்லா பக்கம் திருப்பி அடக்குவது ஊர் முழுவதன் கடமை. சிலர் செய்துவிட்டால் எல்லோர் பொறுப்பும் நீங்கும். யாரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். மகன் இல்லையே என்ற ஏக்கத்துக்கு இந்த அமைப்பில் வேலையில்லை. தொழுகைக்கு நிற்கும்போது, இறந்தவர் யாருக்காவது பணம் தரவேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாரிசு ஒருவர் சொல்வது வழக்கம். சொத்தைப் பங்கு வைக்கும் முன் அடைக்க வேண்டியது அந்த ரொக்கக் கடனைத்தான்.

கிறிஸ்தவம் வந்தபோது இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று மோதின. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன் 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். இயேசு சபையார் தமிழ் வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதே அதன் பொருள். பதினாறு விதிகளில் தாலி, திருநீறு, தேங்காய் எல்லாம் வருகின்றன. அவற்றோடு, சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்கே பாதிரியார் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி. சாதி மக்களிடையே மதிப்புக் குறைந்துவிடும் என்று சேரிக்குள் போவதைக் குருக்கள் தவிர்த்துவந்தார்கள். மனிதருக்காகச் செத்த கடவுளை அறிவித்தவர்களுக்கு, செத்துக்கொண்டிருக்கும் மனிதரின் வாசலைத் தாண்டுவது கடினமாக இருந்தது. இந்தச் சடங்கு வழக்கு ரோமில் 1744 வரை இழுத்தது. திரித்துவம் பற்றிப் புதுச்சேரியில் யாரும் இவ்வளவு சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

அதே காலத்துத் துபாஷி கனகராய முதலியின் கதை இதை இன்னும் அருகில் காட்டுகிறது. கத்தோலிக்கரான அவர், 1739இல் இறந்த மகன் வேலவேந்திரனின் நினைவாக ஒழுகரையில் புனித அந்திரேயாவுக்குக் கோயில் கட்டி, 1745இல் விருந்து வைத்தார். அதை நாட்குறிப்பில் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வைணவர். பார்ப்பனச் சமையல்காரரை வைத்து, ஒவ்வொரு சாதிக்கும் அதனதன் ஆசாரப்படி தனித்தனியாகச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்ததைக் குறிக்கிறார். கிறிஸ்தவருக்கு இந்த முறை பொருந்துமா என்ற முணுமுணுப்பும் அவர் எழுத்தில் கேட்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முதலி இறந்தார். கைம்பெண்ணுக்கும் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்தது. பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே அதைச் சாதித் தலைவர்களிடம் விட்டார். அவர்கள் நாட்டு வழக்கப்படி தம்பி பக்கம் தீர்த்து, பெண்களுக்குச் சீவனாம்சம் வைத்தார்கள். உயிர் கிறிஸ்தவ வேதத்தின்படி போனது. சொத்து சாதி வழக்கத்தின்படி போனது. பின்னாளில் பிரெஞ்சு அரசும் இதையே சட்டமாக்கியது. 1819இல் இந்தியர்களுக்கு அவரவர் வழக்கப்படியே நீதி என்று உறுதியளித்தது. 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பியவர் அந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு வரலாம் என்றது. துறந்தவர் மதம் மாற வேண்டியதில்லை. ஆனால் அவர் இறந்ததும் மகளும் மகனும் சமபங்கு பெற்றார்கள். ஒருவர் எந்தக் கடவுளை வணங்கினார் என்பதை அரசு கேட்கவில்லை. அவர் எந்தச் சாவைச் சாவார் என்பதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இது நம்பிக்கையைச் சடங்காகச் சுருக்குகிறது; மோட்சம், உயிர்த்தெழுதல், மறுமை நாள் ஆகிய கருத்துகளின் ஆழம் இதில் காணாமல் போகிறது என்பது. கருத்துகளுக்கு வலிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் எழும் என்று நம்புவதால் கல்லறை நிலைக்கிறது. உயிர் வேறு உடல் எடுக்கும் என்று நம்புவதால் சாம்பல் கரைகிறது. ஆனால் கருத்து எங்கே உண்மையாகிறது என்பதே கேள்வி. கடவுள் முன் எல்லோரும் சமம் என்ற போதனை திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரிடம் தோற்றது. அந்தச் சுவரைக் கட்டியவர்களும் அதே விசுவாசப் பிரமாணத்தைத்தான் சொன்னார்கள். உதடு சொல்லும் கொள்கையையும் குழி காட்டும் கொள்கையையும் ஒப்பிட்டால், வரலாற்று எழுத்தாளர் குழியைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, கடவுளே இல்லை என்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாதே என்பது. பொருந்துகிறது என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. பாரதிதாசன் பகுத்தறிவுப் பாவலர். 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் காலமான அவர் உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பிறந்த மண்ணுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியதற்கு ஆன்மாவில் நம்பிக்கை தேவைப்படவில்லை. திராவிட இயக்கம் கருமாதியை விலக்கியதும் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. படத்திறப்பும் நினைவேந்தல் கூட்டமும் வைத்தது. அய்யர் போனார், பேச்சாளர் வந்தார். கடன் மட்டும் அப்படியே நின்றது. உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைப்பவரும், சொன்னபடி ஒப்படைக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

ஆகவே எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்ற சமாதானமும், எதுவும் எதனோடும் ஒட்டாது என்ற பிடிவாதமும் இரண்டுமே இந்த வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. எல்லோரும் இறந்தவருக்குக் கடன்பட்டதாகவே நடந்துகொண்டார்கள். கடன்காரர் மகனா, ஊரா, திருச்சபையா, கடவுளேயா, இறந்தவர் தாமே உயிரோடிருக்கும்போது அடைத்துவிட்டாரா என்பதில் பிரிந்தார்கள். இப்படிப் பார்ப்பதில் ஒரு பயனும் உண்டு. ஒவ்வொரு நம்பிக்கையிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன: மகள் ஏன் கொள்ளி வைக்கக்கூடாது, சேரிப் பிணத்துக்கு ஏன் தனிப்பாதை, ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் எதற்குச் சுவர்? கடவுள் ஒருவரே என்று சொல்வதில் யாருக்கும் செலவில்லை. அவரவர் பிணத்துக்குப் பொதுவழி விடுவதில்தான் செலவு இருக்கிறது. காலாப்பட்டுச் சாலையின் இரு புறமும் இருக்கும் எல்லா நம்பிக்கைகளும் அதை எவ்வளவு கொடுத்தன என்பதைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டியவை.