சோழியும் சீட்டும்

சீட்டாட்டம் என்றாலே முகத்தைச் சுளிக்கும் வாசகர்கள் நம்மில் அநேகர் உண்டு. அவர்கள் பயப்பட வேண்டாம். யாரையும் சூதாட அழைப்பது என் நோக்கமல்ல. நான் சொல்லப்போவது ஞாபகத்தைப் பற்றி. யாரோ எங்கோ உட்கார்ந்து சிரமப்பட்டுப் போட்ட கணக்கை, அந்தக் கணக்கே தெரியாத இன்னொருவன் மனத்தில் எப்படிச் சுமந்துகொண்டு போகிறான் என்கிற சரித்திரம் அது. அமெரிக்காவின் சூதாட்ட மேஜையையும் நம் வீட்டு ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தையும் அந்தச் சரித்திரம் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்ஜாக் என்று பெயர்; இருபத்தொன்று என்றும் சொல்வார்கள். கைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-க்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும்; தாண்டினால் போச்சு. ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் பத்து. ஆஸை ஒன்றாகவும் கொள்ளலாம், பதினொன்றாகவும் கொள்ளலாம். எதிரே விடுதியின் ஆள் சீட்டுப் போடுகிறான். அவனுடைய சீட்டில் ஒன்று மட்டும் மலர்ந்திருக்கும். அதைப் பார்த்து நீங்கள் தீர்மானிக்க வேண்டும்: இன்னொரு சீட்டு வாங்குவதா, நிற்பதா, பந்தயத்தை இரட்டிப்பதா, ஜோடிச் சீட்டாக இருந்தால் இரண்டு கையாகப் பிரிப்பதா?

வெகுகாலம் வரை இதற்கு அவரவர் அதிர்ஷ்டமும் துணிச்சலுமே வழிகாட்டியாக இருந்தன. அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த நால்வர் இதைக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். பால்ட்வின், கான்டி, மைசல், மக்டெர்மாட் என்று பெயர். மேரிலாண்டு மாகாணத்து அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த சாதாரண மேஜைக் கணக்கு யந்திரங்களைத் தட்டித் தட்டியே, எந்தக் கைக்கு எது சிலாக்கியம் என்று கண்டுபிடித்து, 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பிறகு எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, நால்வரின் கைக்கணக்கு ஏறக்குறைய அப்படியே சரியாக இருந்தது. தார்ப் தம் புத்தகத்தை 1962-ல் வெளியிட்டார்.

இந்தக் கணக்கின் முடிவு ஓர் அட்டவணை. மேலே விடுதிக்காரனின் சீட்டு பத்து விதம். பக்கவாட்டில் நம் கை முப்பத்துச் சொச்சம் விதம். பெருக்கினால் சுமார் 340 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உத்தரவு. அத்தனையையும் பிசகாமல் கடைப்பிடித்தாலும் லாபம் வராது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விதிகள் தாராளமாக உள்ள மேஜையில் நூறு ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரி ஐம்பது பைசா போல விடுதிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அட்டவணையின் வேலை நஷ்டத்தைக் குறைப்பது, அவ்வளவுதான்.

அப்படியானால் அட்டையைப் பார்த்தே ஆடிவிட்டுப் போகலாமே, மனப்பாடம் எதற்கு? காரணம் உண்டு. கையில் 16 இருக்கிறது; விடுதிக்காரன் 10 காட்டுகிறான். வாங்கினாலும் பெரும்பாலும் தோல்வி, நின்றாலும் பெரும்பாலும் தோல்வி. வாங்கினால் மயிரிழை அளவு நஷ்டம் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் மனம் ‘ஐயோ, தாண்டிவிடுமே’ என்று கையைப் பிடித்து இழுக்கும். அப்போது யோசித்து முடிவு செய்கிறவன் பயத்தைத்தான் கேட்பான். நாக்கில் தயாராக ஒரு வாக்கியம் இருப்பவனுக்கே கை நீளும்.

எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில், சில வருஷங்களுக்கு முன் குற்றாலச் சீஸன் சமயத்தில், அமெரிக்காவில் வேலையாக இருக்கும் என் சகோதரி மகன் இந்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டங்கள். ஒரு மாதமாக உருப்போடுகிறானாம், நிற்கவில்லையாம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தொண்ணூறை நெருங்கியவர். சிறு வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர்.

“என்னய்யா இது, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கு?”

அவன் ஆட்டத்தை விளக்கினான். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு, “முந்நூத்தி நாப்பதையும் எதுக்குப் படிக்கே? மாறுற இடத்தை மட்டும் படி. மத்தது தானா வரும்” என்றார்.

“அது எப்படி தாத்தா?”

“வரப்பு தெரிஞ்சா வயல் தெரியும்லா?”

அன்று சாயங்காலத்துக்குள் அவர் அட்டையை வரிகளாக்கிவிட்டார். முதலில் விடுதிக்காரனின் சீட்டுகளை இரண்டாகப் பிரித்தார்: 2 முதல் 6 வரை நோஞ்சான், 7 முதல் ஆஸ் வரை முரடன். இந்தப் பிரிவுக்கு நியாயம் இருக்கிறது. 5 அல்லது 6 காட்டும் விடுதிக்காரன் நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் 21-ஐத் தாண்டி விழுகிறான். பிறகு வரிகள்: பதினேழுக்கு மேலே நில்லு. பதின்மூன்று முதல் பதினாறு, நோஞ்சானுக்கு நில்லு, முரடனுக்கு வாங்கு. பன்னிரண்டு, நாலு ஐந்து ஆறுக்கு மட்டும் நில்லு. பத்துக்கு, ஒன்பது வரை இரட்டி. ஒன்பதுக்கு, மூன்று முதல் ஆறு வரை இரட்டி. ஆஸ் ஜோடியும் எட்டு ஜோடியும் எப்போதும் பிரி. ஐந்து ஜோடியும் பத்து ஜோடியும் எப்போதும் பிரிக்காதே. ஆஸும் ஏழும் சேர்ந்த பதினெட்டுத்தான் அவரைச் சற்று அலைக்கழித்தது: 2, 7, 8-க்கு நிற்க வேண்டும், 3 முதல் 6 வரை இரட்ட வேண்டும், 9-க்கும் 10-க்கும் வாங்க வேண்டும். “இது ஒண்ணுதான் சண்டித்தனம் பண்ணுது. தினம் காலையிலே முதல்ல இதைச் சொல்லு” என்றார். இருபது வரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வரிசையாகச் சொல்வது, தலைகீழாகச் சொல்வது, நடுவில் எங்கே கேட்டாலும் சொல்வது, கடைசியில் யாராவது கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வது என்று நாலு படியாக அவனை உருட்டி எடுத்தார்.

அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தான் படித்த விதத்தையே பேரனுக்குச் சொன்னார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றப் பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். முழு எண்கள் மட்டுமல்ல. முக்கால், அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை பெருக்கல் உண்டு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் மாகாணி வாய்ப்பாடு தெரிந்தவனைக் கடைத்தெருவில் ஏமாற்ற முடியாது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது. அணாவுக்கு வேலை போயிற்று. அதோடு அந்த வாய்ப்பாட்டுக்கும் போயிற்று.

ஆனால் இந்த வித்தையின் சிகரம் பள்ளிக்கூடத்தில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் என்று சொல்கிறோம். ‘வாக்கியம்’ என்ற சொல் ஏன் வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அது நிஜமாகவே வாக்கியம்தான். சந்திரன் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்கும் என்பதை 248 சமஸ்கிருத வாக்கியங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 248 நாளில் சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது தடவை முடிந்துவிடும். பிறகு முதல் வாக்கியத்துக்குத் திரும்பிவிடலாம். இந்த வாக்கியங்களை வரருசியின் பெயரால் வழங்குகிறார்கள்.

எண் எப்படி வாக்கியம் ஆகும்? சங்கீதம் கேட்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பெயரில் முதல் இரண்டு எழுத்து அதன் எண்ணைச் சொல்லும். கடபயாதி என்பது அந்த முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மேசகல்யாணியில் ‘ம’ ஐந்து, ‘ச’ ஆறு, திருப்பினால் 65. மாயாமாளவகௌளையில் ‘ம’ ஐந்து, ‘ய’ ஒன்று, திருப்பினால் 15. இப்படியே சந்திரனின் பாகைகளையும் கலைகளையும் எழுத்தாக்கி, அர்த்தமுள்ள சொற்களாகக் கோத்துவிட்டார்கள். எண் மறக்கும், வாக்கியம் மறக்காது.

இந்த வாக்கியங்களைச் சுமந்தவர் ஒருவரை ஒரு வெள்ளைக்காரர் நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஜான் வாரன் பிரெஞ்சு வம்சத்தவர். ஆங்கிலேய ராணுவத்தில் இருந்தவர். சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்தை 1805 முதல் சில ஆண்டுகள் நடத்தியவர். இந்தியர்களின் காலக் கணக்கைப் பற்றி ‘கால சங்கலிதம்’ என்று ஒரு பெரிய நூல் எழுதி 1825-ல் சென்னையில் அச்சிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்து, 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவரிடம் காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார். வாய் முணுமுணுத்தது, கை சோழிகளைக் கூட்டியது, குறைத்தது. நேரம் வந்துவிட்டது!

அந்த நேரத்தை நம் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிரகணத்தின் ஆரம்பத்தில் வித்தியாசம் வெறும் 4 நிமிஷம். நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். பாபிலோனியாவின் களிமண் பலகைகளைப் படிப்பதில் பேர்போன நாயகபவர் என்ற அறிஞர், 1952-ல் தமிழ் வானசாஸ்திரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளின் பாபிலோனியக் கணக்கு முறை ஒன்று, 1825-ல் புதுச்சேரித் தரையில் உயிரோடு இருந்ததே என்பதுதான் அவருடைய ஆச்சரியம்.

வாரன் இன்னொன்றும் எழுதுகிறார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தாம் செய்வது ஏன் பலிக்கிறது என்கிற சாஸ்திரம் கொஞ்சமும் தெரியாதாம். ஞாபக சக்தி மட்டும் அபாரமாம். இதைப் படித்துவிட்டுச் சிலர் சிரிப்பார்கள். ‘கிளிப்பிள்ளைப் படிப்பு’ என்று நாம் நூறு வருஷமாகச் சொல்லி வரும் வசை கைவசம் இருக்கிறதே! எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாஸ் வேகாஸில் இருபது வரியைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் அந்த நால்வரின் கணக்கு தெரியாதுதான். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை விழுங்கும் நமக்கு என்ன தெரியும்? சுமப்பவன் இல்லாவிட்டால் கண்டுபிடித்தவனோடு கணக்கும் போயிருக்கும்.

என் கவலை வேறு. சோழி வைத்தவர் சொன்ன ஆரம்பம் நாலு நிமிஷமும் முடிவு ஐம்பத்திரண்டு நிமிஷமும் பிசகியதே, அந்தப் பிசகை வாக்கியம் தானாகத் திருத்திக்கொள்ளாது. வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஒருவன் வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பரமேசுவரர் என்பவர் அரை நூற்றாண்டுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 1431-ல் திருக்கணிதம் என்ற திருத்திய முறையை வகுத்தார். வாரன் நடத்திய அதே சென்னைக் கூடத்தில் பின்னால் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும், தூரதர்சினியில் கண்டதற்கு ஒத்துவரும் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். இன்றும் இரண்டு பஞ்சாங்கங்களும் விற்கின்றன. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல் கும்பத்துக்குப் போன சனி, வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 20-ல்தான் போயிற்று. சனீசுவரனுக்கே பதினொரு மாத வாய்தா! கோயில் வழக்கத்துக்கு வாக்கியம் இருக்கட்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வானத்தில் உள்ள சனி எந்த வாக்கியத்தையும் படித்ததில்லை.

சூதாட்ட மேஜையிலும் இதே கதைதான். முதலிரண்டு சீட்டிலேயே 21 வந்தால் இரண்டுக்கு மூன்று கொடுப்பது பழைய வழக்கம். இப்போது அநேக மேஜைகளில் ஐந்துக்கு ஆறுதான் கொடுக்கிறார்கள். பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் விடுதியின் பங்கு நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றே கால் ரூபாய்க்கும் மேல் ஏறிவிடுகிறது. இருபது வரியையும் தப்பில்லாமல் சொல்லிக்கொண்டு, மேஜையில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்காமல் உட்காருகிறவன், பழைய வானத்துக்கு வாக்கியம் சொல்கிறவன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன், பதினாறாம் நூற்றாண்டில் நளன் கதையை ‘நைடதம்’ என்று பாடினான். சூதில் ராஜ்யத்தைத் தோற்ற நளன், வாகுகன் என்ற பெயரில் இருதுபன்ன ராஜனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரம். மகாபாரதத்தில் வரும் கதையில், ஓடும் தேரிலிருந்தபடியே ராஜா, ‘இந்த இரண்டு கிளைகளிலும் 2,095 காய்’ என்கிறான். எண்ணும் வித்தையும் சூதின் ரகசியமும் ஒன்றே என்று அவனுக்குத் தெரியும். நளன் என்ன செய்தான்? ‘ஆகா!’ என்று கைகூப்பவில்லை. நேரமாகிறது என்று ராஜா பதறப் பதறத் தேரை நிறுத்தினான். இறங்கினான். மரத்தை வெட்டிக் காய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. அதற்குப் பிறகே அந்த வித்தையை வாங்கிக்கொண்டான். பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுத்தான். அந்தக் கணமே அவனைப் பிடித்திருந்த கலி வெளியே வந்துவிட்டான்.

பிறகு ஊருக்குத் திரும்பி, தன் நாட்டைப் பறித்த புட்கரனை மறுபடி சூதுக்கு அழைத்தான். எல்லாவற்றையும் ஒரே பந்தயமாக வைத்தான், ஜெயித்தான். புட்கரனை மன்னித்து, அவன் பங்கைக் கொடுத்து அனுப்பினான். ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். பலகையை விட்டு எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க அட்டையின் 340 கட்டங்களில் ஒரு கட்டமும் இல்லை. அதை மட்டும் நளன் யாரிடமும் பாடம் கேட்டதாகத் தெரியவில்லை.