கும்பினியின் பெயரில் பேசுவது யார்? அசல், போலி, முத்திரை குறித்துச் சில குறிப்புகள்

கம்பெனிக்கு வாய் கிடையாது. சட்டம் அதை ஒரு 'நபர்' என்கிறது. வழக்குப் போடலாம், சொத்து வாங்கலாம். ஆனால் அந்த நபரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது எப்போதும் இன்னொருவர் வாயால், ஒரு முத்திரையின் மேலேறித்தான் பேசியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி நம் ஜனங்களின் நாக்கில் 'கும்பினி'யாகி, பிறகு 'கும்பினியார்' என்று மரியாதை விகுதியும் பெற்றுக்கொண்டது. லண்டனில் இருந்த ஒரு பங்குதாரர் கூட்டம் இங்கே ஒரு ஆளாக உருமாறியதற்கு அந்த 'ஆர்' விகுதியே சாட்சி. ஆகவே, இணையத்தில் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும் கணக்கு அசலா போலியா என்று கேட்கும்போது நாம் கேட்பது 'கம்பெனிதான் பேசுகிறதா' என்பதை அல்ல. அதன் பெயரில் பேசும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரத்தை நமக்கு யார் சான்று செய்கிறார்கள் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

கையொப்பம் பற்றி தெரிதா 1971இல் மான்ட்ரியாலில் வாசித்த கட்டுரையின் சாரத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: கையெழுத்து செல்லுபடியாக வேண்டுமென்றால் அது திரும்பத் திரும்பப் போடக்கூடியதாக இருக்க வேண்டும், திரும்பப் போடக்கூடியது எதுவோ அதை வேறொருவரும் போடலாம். அதாவது போலி என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயல்ல. அசலின் இயக்கத்துக்குள்ளேயே அதற்கான சாத்தியம் இருக்கிறது. இதைக் கேட்டு நாம் ரொம்ப மலைத்துப்போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். கிழவர் நீட்டும் ஓலையைச் சுந்தரர் கிழித்துப்போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலை வருகிறது. சபையார் அந்த ஓலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டனார் எழுதி, வேறிடத்தில் காப்பில் இருந்த இன்னொரு ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். போதாதென்று, இந்த ஊர்க்காரர் என்கிறீரே, உம்முடைய வீடு எது என்றும் கிழவரைக் கேட்கிறார்கள். ஓலை தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. இணையத்தின் வரலாற்றில் நாம் மறந்துகொண்டே வந்த விஷயம் இதுதான்.

இணையத்தில் முதலில் 'வீடு' என்று வந்தது முகவரிப் பெயர். முந்திக்கொண்டவருக்கே பெயர் என்பதுதான் அன்றைய விதி. 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் டாட் காம் என்ற முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்து, அதைப் பற்றி 'வயர்டு' இதழில் எழுதினார். உலகத்துக்கே தெரிந்த அந்தப் பெயரை அதன் சொந்தக்காரர்கள் இன்னும் பதிவு செய்திருக்கவில்லை. ஒரு பள்ளிக்குக் கணினி வசதிக்கான உதவி செய்யப்பட்ட பிறகு முகவரி கைமாறியது. இப்படிப்பட்ட தகராறுகள் பெருகி, 1999இல் அவற்றைத் தீர்ப்பதற்கென்று ஒரு பொது நடைமுறை வந்தது. ஆனால் அது வணிகச் சின்னத்தின் உடைமையைக் காக்க வந்த ஏற்பாடு. பார்க்கிற வாசகன் ஏமாறாமல் இருப்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

அடுத்து 2004 டிசம்பர் 3. போபால் விஷவாயுக் கொலைகளின் இருபதாம் ஆண்டு நாள். பி.பி.சி. வேர்ல்டு தொலைக்காட்சியில், டவ் கெமிக்கல் நிறுவனத்தின் பிரதிநிதியாக ஜூட் ஃபினிஸ்டெரா என்பவர் தோன்றி, போபாலுக்கான பொறுப்பை ஏற்பதாகவும் 1,200 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தார். அவர் 'யெஸ் மென்' என்ற குறும்பர் குழுவைச் சேர்ந்தவர். அந்தக் குழு டவ் பெயரில் ஒரு கேலித் தளம் நடத்திவந்தது. பேட்டிக்கு ஆள் தேடிய பி.பி.சி. அதை நிஜத் தளமென்று நம்பி அதற்கே எழுதிவிட்டது! ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் டவ் பங்கின் மதிப்பு கொஞ்ச நேரத்தில் சுமார் 200 கோடி டாலர் சரிந்தது. பிறகு பி.பி.சி. மறுப்பு வெளியிட்டது. யூனியன் கார்பைடு 1989இல் கொடுத்து முடித்துக்கொண்டது 47 கோடி டாலர். 2001இல் அந்த யூனியன் கார்பைடைத்தான் டவ் வாங்கியது.

மூன்றாவது, நீலக் குறி. 2009இல் பேஸ்பால் பயிற்சியாளர் டோனி லா ரூசா தன் பெயரில் இருந்த போலிக் கணக்குக்காக ட்விட்டர் மீது வழக்குத் தொடுத்தார். அந்த ஜூன் மாதமே, சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு ஒரு குறி தரப்போவதாக ட்விட்டர் அறிவித்தது. அந்தக் குறிப்பான் அப்போது சுட்டியது ஒரு செயலை: யாரோ ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். நாளடைவில் அது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. 2022 நவம்பரில் மாதம் 7.99 டாலர் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் என்று ஆக்கினார்கள். குறிப்பான் அப்படியே இருந்தது, அதே வடிவம், அதே நிறம். குறிப்பீடு மட்டும் கழன்றுவிட்டது. சோதித்தவர் போய்விட்டார், பணம் கட்டியவர் மட்டும் மிச்சம்.

நவம்பர் 10 அன்று எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியின் பெயரும் நீலக் குறியும் தாங்கிய ஒரு கணக்கு, இனி இன்சுலின் இலவசம் என்று அறிவித்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போலிக் கணக்கின் பெயர் 'எலிலில்லிஅண்ட்கோ'. அசல் கணக்கின் பெயரோ 'லில்லிபேட்', அதாவது அல்லி இலை! பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அசல்தான் போலியாகியிருக்கும். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. மறுநாள் அதன் பங்கு 4 சதவீதத்துக்கு மேல் இறங்கியது (வேறு மருந்துக் கம்பெனிகளின் பங்குகளும் அன்று இறங்கியதால் போலிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது). 1923இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள் என்ற பழைய கதை மறுபடி பேசப்பட்டது. 2023 மார்ச்சில் லில்லி தன் முக்கிய இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் வைத்து, போலியே அதிகாரத்தைக் கட்டுடைக்கிறது, அசல் மறைத்ததைப் போலி பேசுகிறது என்று கொண்டாடும் வாசிப்பு ஒன்று உண்டு. அதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதிதான் இடிக்கிறது. போபாலில் அந்தப் பொய்ச் செய்தியை நம்பியிருக்கக்கூடியவர்கள் நுரையீரல் வெந்துபோன ஜனங்கள். கட்டுடைப்பின் செலவை அவர்கள் தலையில் ஏற்றலாமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தவிர, அதே தந்திரம் கேலிக்காரர்களிடம் மட்டும் இருப்பதில்லை. என் சித்தப்பா ஒரு வங்கியைப் பற்றிப் பொதுவில் ஒரு புகார் எழுதினார். பத்து நிமிஷத்தில் அந்த வங்கியின் பெயரும் சின்னமும் தாங்கிய ஒரு கணக்கு வருத்தம் தெரிவித்து, போன் நம்பர் கேட்டது. "பேங்க் பேர்லதான்டா வந்துது, சின்னமெல்லாம் கரெக்டா இருந்துது" என்றார். ஓ.டி.பி. கேட்டபோதுதான் சுதாரித்துக்கொண்டார். இங்கே எந்த அதிகாரமும் கட்டுடையவில்லை. உடையவிருந்தது ஒரு ஓய்வூதியக்காரரின் சேமிப்பு.

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? சபையார் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: கணக்கை விட்டு வெளியே வருவது. பெயர், சின்னம், குறி, பின்தொடர்வோர் எண்ணிக்கை எல்லாம் அந்த ஓலையிலேயே எழுதப்பட்டவை. காப்பில் இருக்கும் வேறு ஓலை எது? பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கும் நம்பர். நாமே முகவரியைத் தட்டிப் போகும் கம்பெனியின் தளம். அதிலிருந்து அந்தக் கணக்குக்குச் சுட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. வீடு எது என்ற கேள்விக்கு, ரிசர்வ் வங்கி 2025இல் இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது ஓரளவு பதில். வங்கிகளுக்கு மட்டுமான வால் அது. யார் தேடி வந்தார்கள் என்பதும் முக்கியம். வந்தவர் ஓ.டி.பி.யோ, பின் நம்பரோ கேட்டால் மற்ற விசாரணையே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் பேச வேண்டும்.

இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2024 ஜனவரி 9இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அசல் கணக்கே களவாடப்பட்டு, பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்ற பொய் அறிவிப்பு வந்தது. மறுநாள் ஆணையம் நிஜமாகவே அனுமதி கொடுத்தது! கணக்கு அசல், பேச்சு போலி, செய்தி ஒரு நாள் முந்திய உண்மை.

இத்தனையையும் சோதிக்கும் வேலை பார்ப்பவன் தலையில் விழுந்திருப்பதுதான் இந்த வரலாற்றின் அரசியல். சான்று செய்யும் பொறுப்பில் இருந்தவர்கள் அதை விற்பனைப் பண்டமாக்கினார்கள். 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் எக்ஸ் (பழைய ட்விட்டர்) மீது 12 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, நீலக் குறி பயனரை ஏமாற்றும் வடிவமைப்பு என்பதும் காரணங்களில் ஒன்று. குறியை விற்றவரைக் கேள்வி கேட்கலாம் என்பதாவது இதில் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இன்னும் "நீங்கதான் சார் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்" என்பதே பதிலாகக் கிடைக்கிறது. கணக்கு அசல்தான் என்று உறுதியான பிறகும் ஒரு விசாரணை பாக்கியிருக்கிறது. போபாலுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று சொன்னது அசல் டவ்தான்.