காலகேயர் முதல் உத்திரமேரூர் படுகளம் வரை: கற்பனைப் போர்களில் விதி யாருக்கு?

2015-ல் வந்த ‘பாகுபலி’ முதல் பாகத்தை டிவியில் எத்தனை முறை போட்டாலும், காலகேயர் சண்டை வந்துவிட்டால் யாரும் சேனலை மாத்த மாட்டார்கள். மகிழ்மதி, காலகேயர் இரண்டுமே கற்பனைதான். ஆனால் அவர்கள் போரிடும் விதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அது என்ன?

காலகேயர் யார்?

மகாபாரதத்தில் அர்ஜுனன் அழித்த அசுரர் கூட்டத்தின் பெயர் இது. படத்துக்காக மதன் கார்க்கி சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகளுடன் ‘கிளிக்கி’ என்ற மொழியையே உருவாக்கினார். மொழிக்கு இலக்கணம் கிடைத்தது. போருக்குக் கிடைக்கவில்லை! பிடித்துவைத்த மகிழ்மதி மக்களையே கேடயமாக நிறுத்துகிறார்கள் காலகேயர்கள். பல்லாளதேவன் அந்த மக்களையும் வெட்டிக்கொண்டு முன்னேறுகிறான். பாகுபலி கயிறு வீசி அவர்களைக் கீழே சாய்த்துக் காப்பாற்றுகிறான். எதிரித் தலைவனைக் கொன்றது பல்லாளதேவன்தான். ஆனாலும் அரியணை பாகுபலிக்குப் போகிறது.

தமிழில் போருக்கு இலக்கணம் உண்டா?

உண்டு. தொல்காப்பியப் புறத்திணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர்:

• வெட்சி – ஆநிரை கவர்தல்
• வஞ்சி – நாட்டின் மீது படையெடுப்பு
• உழிஞை – கோட்டை முற்றுகை
• தும்பை – நேருக்கு நேர் போர்
• வாகை – வெற்றி

கூடவே நிலையாமையைப் பேசும் காஞ்சியும், புகழைப் பாடும் பாடாணும். புறநானூற்றின் 9-வது பாடலில், அம்பு விடுவதற்கு முன்பே பசுக்கள், பெண்கள், நோயாளிகள் போன்றோரைப் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்கிறது பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் தரப்பு. கயிறு வீசிய பாகுபலி செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

உத்திரமேரூர் பக்கம் என்ன நடக்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில், திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் துரியோதனன் படுகளம் நடக்கும். களிமண்ணில் பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பார். பீமன் வேடமிட்டவர் அவர் தொடையில் அடிப்பார். பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள்.

கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. அதை மீறுவது நம்ம பீமன்! கூத்து அதை மறைப்பதில்லை. செத்துக்கிடக்கும் துரியோதனனுக்கும் ஒப்பாரி வைக்க ஆள் உண்டு.

இதில் என்ன இருக்கிறது?

காலகேயர்களுக்கு அழ யாருமே இல்லை. கருப்புச் சாயம், விகாரமான பற்கள், அவ்வளவுதான். ‘கருப்பு என்றால் காட்டுமிராண்டியா?’ என்ற விமர்சனம் அதனால்தான் வந்தது. விதிகள் ஹீரோ பக்கம் மட்டும் இருந்தால், எதிரி மனிதனாகவே தெரிவதில்லை. அவனைக் கொல்வதும் உறுத்துவதில்லை. சினிமாவில் பழகிய இந்தக் கண், நிஜமான போர்ச் செய்தியைப் பார்க்கும்போதும் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்த முறை ஒரு ஃபேண்டஸி படம் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: தோற்றவனுக்காக அழ இந்தக் கதையில் யாராவது இருக்கிறார்களா?